பட்டினி கிடந்த பரிகள்

1854ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், இலண்டனில் வெளிவந்த ‘எக்சாமினர்’ என்னும் வார இதழில், ஆங்கில அரசவைக் கவிஞர் தெனிசனின் கவிதையொன்று இடம்பெற்றது. கிறிமியாவின் பலக்லாவாப் பள்ளத்தாக்கில், உருசியப் பீரங்கிகளின் வாயை நோக்கிப் பாய்ந்த இலகு குதிரைப்படைப் பிரிவின் வீரத்தைப் பாடியது அது. ஆங்கிலம் கற்றோர் பலரும் அறிந்த கவிதை. ஒக்டோபர் 25ஆம் நாள் நிகழ்ந்த அந்தப் பாய்ச்சலில் அரை மணி நேரத்துக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டன. எஞ்சிய குதிரைகளைப் பற்றிக் கவிஞர் ஒன்றும் கூறவில்லை. கூறுவதற்கு அவர் அறிந்திருக்கவும் நியாயமில்லை. கவிதையை இலண்டன் மக்கள் உருக்கத்தோடு படித்துக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில், பீரங்கிக்குத் தப்பிய குதிரைகள் முழங்காலளவு சேற்றில் நின்று, பசி பொறுக்கமாட்டாது, ஒன்றன் வாலையும் பிடரிமயிரையும் மற்றொன்று கடித்துத் தின்றுகொண்டிருந்தன.

குதிரை தன் இனத்தின் மயிரைத் தின்னும் நிலை எவ்வாறு உண்டாயிற்று? உலகின் செல்வம் மிகுந்த நாட்டின் குதிரைகள் அவை. அக்காலத்தில் குதிரை வளர்ப்பில் இங்கிலாந்துக்கு நிகரான நாடு வேறில்லை என்றே ஐரோப்பியர் கருதினர். ஆகவே அறியாமையால் விளைந்த கேடு இது எனக் கூறிவிட முடியாது.

ஆங்கிலேயர் ‘தறோபிறெட்’ என அழைக்கும் தூயகுலக் குதிரை, 17ஆம் 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. கீழைத் தேசங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆண் குதிரைகளை ஆங்கில நாட்டுப் பெண் குதிரைகளோடு சேர்த்து இக்குலத்தை வளர்த்தனர். பையர்லி துருக்கியன், டார்லி அரேபியன், கொடொல்பின் அரேபியன் என்னும் மூன்று குதிரைகளே இன்றுள்ள தூயகுலக் குதிரைகள் யாவற்றுக்கும் ஆண்வழி மூதாதையர். அரச வமிசங்களுக்குப் போலவே இக்குதிரைகளுக்கும் வமிசாவளி ஏடு உண்டு. அதன் முதலாம் தொகுதி 1793இல் வெளிவந்தது. படைவீரர் ஏறிய குதிரைகள் பெரும்பாலும் கலப்பினத்தவை எனினும், அவற்றிலும் இந்தக் குருதி கலந்திருந்தது. அதிகாரிகளின் குதிரைகளோ பல தூயகுலத்தனவாகவே இருந்தன.

வேகத்துக்கென வளர்க்கப்பட்ட இக்குதிரையின் தோல் மெல்லியது, மயிர் நுண்ணியது, உடலிற் கொழுப்புக் குறைவு. மலைநாட்டுக் கட்டைக் குதிரை பனியில் நின்றுகொண்டே கோடையிற் சேர்த்த கொழுப்பைக் கொண்டு தை மாசியைக் கடந்துவிடும். தூயகுலக் குதிரைக்கு அச்சேமிப்பு இல்லை. குளிர் வந்ததும் அது தன் தசையையே எரித்து உடலைச் சூடாக்கத் தொடங்கும். ஆதலால் ஆங்கிலச் செல்வர் அதனை மூடிய தொழுவத்திற் கட்டி, கம்பளி போர்த்தி, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை தீனி வைத்து வளர்த்தனர். ஓட்ஸ், உடைத்த அவரை, நல்ல உலர்புல் ஆகியன அன்றாட உணவு. குளிர் மிகுந்த நாட்களில் தவிட்டையும் ஆளிவிதையையும் வெந்நீரிற் குழைத்து இளஞ்சூட்டோடு கொடுப்பதும் வழக்கம்.

இவற்றுள் எது இன்றியமையாதது என்பதே ஈண்டுக் கவனிக்க வேண்டுவது. குதிரைத் தீனி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது கொள்ளு. ஆங்கிலேயனுக்கு நினைவு வருவது ஓட்ஸ். இரண்டும் தானியம், இரண்டும் குதிரைக்கு வலிமை தருவனவே. ஆயினும் குளிரிற் குதிரையைக் காப்பது தானியமன்று, புல்லே.

இதன் காரணத்தைப் பிற்கால விலங்கு மருத்துவம் தெளிவாக்கியிருக்கிறது. குதிரையின் இரைப்பை அதன் உடலை நோக்கச் சிறியது. எட்டு முதல் பதினைந்து லீற்றர் அளவே கொள்ளும். ஆகவே அது சிறிது சிறிதாக நாள் முழுவதும் தின்னும் பிராணி. புல்லின் நார் இரைப்பையிற் சீரணமாவதில்லை. பின்குடலில், பெருங்குடலும் அதன் தொடக்கத்திலுள்ள பெரிய பையும் சேர்ந்த பகுதியில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்நாரைப் புளிக்கவைத்துச் சிதைக்கின்றன. அவ்வாறு சிதைகையில் வெப்பம் பிறக்கிறது. பனிக்கால இரவில் உலர்புல் தின்ற குதிரை, தன் வயிற்றுக்குள்ளேயே ஓர் அடுப்பை மூட்டிக்கொண்டு நிற்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. தானியம் விரைவிற் செரித்துவிடும். அதனால் உண்டாகும் வெப்பமும் குறைவு. புல்லின்றித் தானியத்தை மட்டும் மிகுதியாகக் கொடுத்தாலோ வயிற்றுநோவும் குளம்பு அழற்சியும் உண்டாகிக் குதிரை வீழ்ந்துவிடும். நீரும் இவ்வாறே. பனிபோற் குளிர்ந்த நீரைக் குதிரை போதிய அளவு குடிப்பதில்லை. நீர் குறைந்தால் உண்ட புல் குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும்.

ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 10 கிலோகிராம் அளவு உலர்ந்த தீனி வேண்டும் என்பது இக்காலக் கணிப்பு. ஆங்கிலப் படையின் பழைய ஒழுங்குப்படி உள்நாட்டில் நின்ற குதிரைக்கு நாளொன்றுக்கு 12 இறாத்தல் உலர்புல்லும் 10 இறாத்தல் ஓட்ஸும் வழங்கப்பட்டன. இரண்டையும் கூட்டினால் அதுவும் 10 கிலோகிராமே ஆகும். சோதனைச்சாலை எதுவுமின்றி, தொழுவத்து அனுபவத்தைக் கொண்டே பழைய குதிரைக்காரர் கண்ட அளவு அது.

அனுபவம் கற்பித்த வேறொன்றும் உண்டு. பனிக்காலத்தில் நீண்டு வளரும் மயிர், குதிரையின் மெலிவைக் கண்ணுக்குக் காட்டாது மறைத்துவிடும். நல்ல பரிகாரன் கண்ணை நம்பான். கையை விலாவில் அழுத்தித் தடவி எலும்பின் மேல் எவ்வளவு தசை உண்டு என்று பார்ப்பான். மெலிந்தபின் தேற்றுவது குளிரில் மிகவும் அரிது. ஆகவே குளிர்காலத் தீனி இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

கிறிமியாவுக்குச் சென்ற குதிரைகளுக்கு அந்த இலையுதிர் காலம் வாய்க்கவில்லை. பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து உருசியாவுக்கு எதிராக நடத்திய போர் அது. கருங்கடலின் மேற்குக் கரையில் வார்ணாவில் தங்கியிருந்த காலத்திலேயே, இலகு பிரிவின் தலைவர் காடிகன் பிரபு உளவு பார்த்துவரவென்று ஒரு பகுதியை வெயிலில் நெடுந்தூரம் நடத்திச் சென்றதில், நூறளவு குதிரைகள் மாண்டோ முதுகு புண்ணாகியோ பயனற்றுப்போயின. பின்னர் கன குதிரைப்படைப் பிரிவு கடலைக் கடக்கையில் புயலிற் சிக்கி இருநூறுக்கும் மேற்பட்ட குதிரைகளை இழந்தது. செப்டெம்பர் 14ஆம் நாள் படைகள் கிறிமியாவில் இறங்கத் தொடங்கின. செவஸ்தப்போல் கோட்டை சில கிழமைகளில் வீழ்ந்துவிடும், குளிர்காலத்தை அங்கே கழிக்க வேண்டியிராது என்றே தலைவர்கள் நம்பினர். வீரருக்குக் குடில் இல்லை. குதிரைக்குத் தொழுவம் இல்லை. உலர்புற் சேமிப்பும் இல்லை.

ஆங்கிலேயருக்குக் கிடைத்த துறை பலக்லாவா. அழகிய சிறு குடா. ஒரு பெரும் படைக்குப் போதாத துறை. அங்கிருந்து கோட்டையைச் சூழ்ந்த மேட்டு நிலப் பாசறைகளுக்கு ஆறேழு மைல். கல் பாவிய நல்ல வீதி ஒன்று இருந்தது. வொறன்சோவ் வீதி என்பது அதன் பெயர். ஒக்டோபர் 25ஆம் நாட் போரில் அவ்வீதி செல்லும் மேட்டை உருசியர் கைப்பற்றிக்கொண்டனர். புகழ்பெற்ற அந்தப் பாய்ச்சலைப் பாடுவோர் அதே நாளில் இழந்த வீதியைக் குறிப்பிடுவதில்லை. எஞ்சியது ஒரு மண் தடம். மழை தொடங்கியதும் அது சேற்றாறாக மாறியது.

நவம்பர் 5ஆம் நாள் இங்கர்மானிற் கடும்போர் நிகழ்ந்தது. பகைவர் மீண்டும் அப்பக்கம் தாக்கக்கூடும் என்ற அச்சத்தினால் இலகு பிரிவு, துறைமுகத்துக்கு மிகத் தொலைவான அந்த மேட்டிலேயே நிறுத்தப்பட்டது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 14ஆம் நாள், பெரும்புயல் ஒன்று கருங்கடலில் வீசிற்று. துறைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் பாறைகளில் மோதிச் சிதறின. வீரருக்கான குளிராடைகளை ஏற்றிவந்த ‘பிறின்ஸ்’ என்னும் கப்பல் அமிழ்ந்ததை வரலாற்று நூல்கள் யாவும் கூறும். அதே புயலில் உலர்புல்லும் கடலோடு போயிற்று என்பதை அவற்றுட் சில ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடும்.

உலர்புல் என்பது கப்பற்காரர் விரும்பாத சரக்கு. எடை குறைவு, இடம் பெரிது. 2000 குதிரைகள் எனக் கொள்வோமாயின், நாளொன்றுக்குத் தலைக்கு 12 இறாத்தல் வீதம் 24,000 இறாத்தல், அதாவது ஏறக்குறையப் பதினொரு தொன் புல் வேண்டும். மாதமொன்றுக்கு முந்நூறு தொன்னுக்கு மேல். கிறிமியாவின் புல்வெளி போரினால் மிதிபட்டு அழிந்திருந்தது. எல்லாம் கடல்வழியே வரவேண்டியிருந்தது. படைக்கு உணவும் தீனியும் வழங்கிய பண்டகப் பகுதி, அந்நாளிற் படைத்தலைவரின் கீழ் இருக்கவில்லை. இலண்டனிலிருந்த திறைசேரியின் கீழ் இருந்தது. கிறிமியாவிலிருந்த பண்டகத் தலைவர் பில்டர், இங்கிலாந்திலிருந்து புல் அனுப்புமாறு செப்டெம்பரிலேயே எழுதிக் கேட்டிருந்தார். வந்து சேர்ந்ததோ கேட்டதில் மிகச் சிறு பகுதி. செலவைச் சுருக்குவதிற் பெயர்பெற்ற திணைக்களம் அது. ஏட்டிற் சேமித்த பணம் சேற்றிற் குதிரையாய் வீழ்ந்தது.

புல்லில்லாவிடினும் துறைமுகத்தில் வாற்கோதுமை ஓரளவு இருந்தது. குதிரைகளை அனுப்பி எடுத்துச் செல்லலாம் எனப் பண்டகப் பகுதியினர் கூறியபோது, காடிகன் பிரபு இணங்கவில்லை. போருக்கு ஆயத்தமாக நிற்கவேண்டிய குதிரைகளைச் சுமை தூக்க அனுப்ப முடியாது; அச்சேற்றிற் போகும் குதிரைகளிற் பல திரும்பி வாரா என்பது அவரது வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் உண்ணாத குதிரை எந்தப் போருக்கு ஆயத்தமாகும்? காடிகன் பிரபுவோ இரவில் தமது சொந்த உல்லாசக் கப்பலில், பலக்லாவாத் துறையிலே துயின்றார். அவருக்கு மேலதிகாரியான லூக்கன் பிரபு அவரது மைத்துனர்; இருவருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை. ஒருவர் பிறப்பித்த கட்டளையை மற்றவர் குறைகூறுவதிற் கழிந்த நாட்கள் பல.

மேட்டின் மேல் மறைப்பின்றிக் கட்டப்பட்ட குதிரைகளுக்கு ஒரு சில கைப்பிடி வாற்கோதுமையே நாள் முழுவதற்கும் கிடைத்தது. நார் இல்லாத வயிறு எதையேனும் மென்றுகொண்டிருக்க அவாவும். முளையைக் கடித்தன, கயிற்றைத் தின்றன, சேணத்துத் தோலைத் தின்றன, ஈற்றில் வால்மயிரில் வாய்வைத்தன. போரில் வெடியோசைக்கு அஞ்சாத குதிரைகள், கட்டை அறுத்துக்கொண்டு ஒரு பிடி புல்லிருந்த திக்கை நோக்கி ஓடின. எலும்பு முறிவும் தொற்றுநோயும் தவிர்ந்த பிற காரணங்களுக்காகக் குதிரையைச் சுட்டுக் கொல்லலாகாது என்று ஓர் ஒழுங்கு இருந்தது. பசி அவ்விரண்டிலும் அடங்காமையால், வீழ்ந்த குதிரை எழவும் மாட்டாது சாகவும் மாட்டாது இரண்டு மூன்று நாள் சேற்றிற் கிடந்தது. அதிகாரி ஒருவரின் மனைவியாகப் போர்க்களத்திற் கூடவே தங்கியிருந்த பனி டுபர்லி என்னும் அம்மையார், தமது நாட்குறிப்பில் இக்காட்சிகளை மனம் நொந்து எழுதிவைத்தார்.

டிசம்பர் முற்பகுதியில் இலகு பிரிவு துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள கடிக்கோய் என்னும் ஊருக்கு இறக்கப்பட்டது. வழியிலேயே வீழ்ந்த குதிரைகள் பல. அதே காலத்திற் காடிகன் பிரபு நோயைக் காரணங்காட்டித் தாய்நாடு திரும்பினார். அங்கே வீரராக வரவேற்கப்பட்டார். எஞ்சிய குதிரைகளுக்கோ புதிய பணி வந்தது. மேட்டிலிருந்த காலாட்படைக்கு உணவு கொண்டுசெல்ல வேறு விலங்குகள் இல்லாமையால், அவற்றின் முதுகில் மூடைகளை ஏற்றினர். நின்றாலே தள்ளாடும் குதிரை, சுமையோடு சேற்றில் ஆறு மைல் ஏறி இறங்க வேண்டும்.

குதிரையின் பசி மனிதனின் பசியாக மாறியது இங்கேதான். துறைமுகத்தில் உணவுப் பொருள் குவிந்து கிடந்தது. மேட்டில் வீரர் பட்டினியால் வாடினர். இடையே இருந்தது ஆறேழு மைல். அத்தூரத்தைக் கடக்கக் குதிரை வேண்டும். குதிரைக்குப் புல் வேண்டும். புல்லை மேட்டுக்குக் கொண்டுபோகக் குதிரை வேண்டும். இந்த வளையத்தை எந்தப் படைத்தலைவரின் வீரத்தாலும் அறுக்க முடியவில்லை. கிறிமியப் போரில் மாண்ட பிரித்தானியரிற் பெரும்பகுதியினர் நோயினால் மாண்டவரே. அந்நோய்க்கு இடங்கொடுத்த மெலிவுக்குக் காரணங்கள் பல. மேட்டுக்கு வந்துசேராத உணவும் ஆடையும் விறகும் அவற்றுள் முதன்மையானவை. விளக்கேந்திய நைற்றிங்கேல் அம்மையாரைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். அவர் பணி செய்த மருத்துவமனையை நிறைத்த நோயாளருக்கும் வந்துசேராத புற்கட்டுகளுக்கும் உள்ள தொடர்பைப் பாடநூல்கள் எடுத்துக்கூறுவதில்லை.

‘ரைம்ஸ்’ பத்திரிகைக்கு றசல் எழுதிய கடிதங்கள் நாட்டைக் கொதிப்படையச் செய்தன. 1855 ஜனவரி இறுதியில் அபர்தீன் பிரபுவின் அரசாங்கம் வீழ்ந்தது. பண்டகப் பகுதி திறைசேரியிடமிருந்து ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது. தரைவழிப் போக்குவரத்துக்கெனத் தனிப் படையொன்றும் அமைக்கப்பட்டது. பெப்ரவரியில் பீற்றோ, பிறசி, பெற்ஸ் என்னும் ஒப்பந்தகாரர் பலக்லாவாவிலிருந்து மேட்டுக்குத் தண்டவாளம் இடத் தொடங்கி, ஏழு கிழமையளவில் மேட்டை அடைந்தனர். போர்க்களத்தின் தேவைக்கென்றே அமைந்த முதற் புகையிரதப் பாதை அது என்பர். ஆனால் அது வந்து சேர்ந்தபோது குளிர் கழிந்துவிட்டது. இலகு பிரிவும் கன பிரிவும் பெயரளவில் மட்டுமே குதிரைப்படைகளாக எஞ்சியிருந்தன.

நேர்ந்ததை விசாரிக்க சேர் ஜோன் மக்நீல், அலெக்சாந்தர் தலக் என்னும் இருவர் அனுப்பப்பட்டனர். தலக் என்பார் புள்ளிவிபரக் கலையில் வல்லவர்; அதற்கு முன்னரே இலங்கை உட்படக் குடியேற்ற நாடுகளிலிருந்த படையினரின் நோயையும் சாவையும் கணக்கிட்டு அறிக்கைகள் எழுதியவர். உணர்ச்சி மொழியின்றி, எத்தனை இறாத்தல் வழங்கப்பட்டது, எத்தனை குதிரை மாண்டது என்று எண்களாலேயே அவர்கள் பேசினர். லூக்கன், காடிகன், பில்டர் முதலியோர் செய்த தவறுகள் அறிக்கையில் வெளிப்பட்டன. பிரபுக்கள் சினந்தனர். 1856இல் செல்சியில் படைத்தலைவர் சபையொன்று கூடி, குற்றஞ்சாட்டப்பட்டோர் எல்லோரையும் விடுவித்தது. போதிய தீனி அனுப்பாத திறைசேரியின் மேற் பழியைச் சுமத்தியது. சபை கூறியதில் உண்மை உண்டு. ஆனால் துறையில் இருந்த வாற்கோதுமையும் குதிரையின் வாயை அடையவில்லை என்பதற்குத் திறைசேரி எப்படிப் பொறுப்பாகும்? தலக் அடங்கவில்லை, 1857இல் தமது கணக்கை நிலைநாட்டி ஒரு நூலே வெளியிட்டார்.

கற்ற பாடம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நடந்த போரில் பிரித்தானியப் படை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை இழந்தது. அவற்றுட் பெரும்பாலன குண்டுபட்டு மாண்டவை அல்ல. களைப்பும் நோயும் தீனிக் குறையுமே அவற்றைக் கொன்றன. 1914இல் மூண்ட உலகப்போரில் நிலைமை பெரிதும் திருந்தியது. அப்போரில் பிரான்சிலிருந்த பிரித்தானியப் படைக்குக் கடல்வழி அனுப்பப்பட்ட வெடிபொருள் ஏறக்குறைய 52 இலட்சம் தொன். உலர்புல்லும் ஓட்ஸும் 54 இலட்சம் தொன். அவ்வளவு அனுப்பியும், 1916-17 கடுங்குளிரில் தீனி குறைக்கப்பட்டது. சொறிநோயைத் தடுக்கவென்று மயிர் கத்தரிக்கப்பட்ட குதிரைகள் பல, இயற்கை கொடுத்த போர்வையும் இன்றிச் சேற்றில் நின்று மாண்டன.

பலக்லாவாவுக்குத் திரும்பினால், அங்கு நின்ற குதிரைகளில் ஒன்றன் பெயர் இன்றும் வழங்குகிறது. பாய்ச்சலின் போது காடிகன் பிரபு ஏறிச் சென்ற றொனால்ட் என்னும் செந்நிறக் குதிரை, போரையும் அந்தக் குளிர்காலத்தையும் கடந்து இங்கிலாந்து திரும்பியது. 1868இல் பிரபு இறந்தபோது அவரது சவ ஊர்வலத்தில் அதுவும் அழைத்துச் செல்லப்பட்டது. 1872வரை அது உயிர் வாழ்ந்தது. அதன் தலை, நோதம்ரன்சயரில் டீன் பார்க் என்னும் காடிகன் குடும்ப மாளிகையிற் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. உடன் சென்று திரும்பாத குதிரைகளின் எண்ணிக்கையை அறிய விரும்புவோர் மக்நீல், தலக் இருவரின் அறிக்கையைத்தான் புரட்ட வேண்டும்.